நோட்டில் 43, நினைவில் சில – கடிதம்

வணக்கம் சார்,

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். போன தை தொடங்கி இந்த மார்கழி முடிய நேரில் போய்க் கேட்ட கச்சேரிகள் 43. தேதி, இடம், பாடியவர், பக்கவாத்தியம், உருப்படிகள் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இதில் 26 சென்னையின் டிசம்பர் இசை சீசனில் கேட்டவை. மைத்துனர் வீட்டில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் மூன்று கச்சேரிகூடக் கேட்டேன்.

இப்போது நோட்டைப் புரட்டினால் பாதிக்கு மேல் வெறும் பெயர்கள். மூன்றாம் வரிசையில் டிக்கெட் எடுத்துக் கேட்ட பெரிய வித்வான் அன்று எந்த ராகத்தை விரித்துப் பாடினார் என்பதையே நோட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடிகிறது. ஆனால் வைகாசியில், கும்பகோணம் பக்கம் என் மனைவியின் கிராமத்தில் கேட்ட நாகஸ்வரம் அப்படியே காதில் நிற்கிறது. இரவு 11 மணிக்கு மேல் இருக்கும். சுவாமி வீதியுலாவில் தெருமுனையில் சுவாமியை நிறுத்திவிட்டு, நாகஸ்வரக்காரர் ஒரே ராகத்தை முக்கால் மணி நேரம் வாசித்தார். நாற்பது பேர் நின்றிருப்போம். பக்கத்திலிருந்த பெரியவர் ‘தோடி’ என்றார். அன்று நோட்டுகூடக் கையில் இல்லை.

கோளாறு என் ரசனையிலா? வரும் ஆண்டு கச்சேரிகளைக் குறைத்துக்கொள்ளட்டுமா?

கே., திருச்சி

அன்புள்ள கே. அவர்களுக்கு,

நோட்டின் மேல் பழியைப் போட்டுவிட எனக்கும் ஆசைதான். ஆனால் காரணம் அதுவல்ல என்று தோன்றுகிறது. அந்தத் தெருமுனையில் உங்களுக்கும் வாத்தியத்துக்கும் நடுவே எதுவும் இல்லை. சபாவில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தும் நீங்கள் கேட்டது ஸ்பீக்கரைத்தான்.

நாகஸ்வரம் வெளியில் வாசிப்பதற்கென்றே உண்டான வாத்தியம். ஆச்சா மரக் குழல், வாயில் நாணல் தட்டையில் செய்த சீவாளி. வாசிப்பவர் பக்கத்தில் நின்றவர் என்றால் கவனித்திருப்பீர்கள்: குழலில் நாலைந்து சீவாளிகள் கொத்தாகத் தொங்கும். தவில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றை எடுத்து எச்சிலில் நனைத்து, மெல்ல ஊதிப் பார்த்து, முகம் சுளித்து, இன்னொன்றை எடுப்பார். தவில்காரர் வலக்கை விரல்களில் கெட்டிக் கூடு மாட்டியிருப்பார், இடக்கையில் கழி. நாலு வீதிக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும்.

நீங்கள் கேட்டது தோடிதான் என்றால் அதற்குப் பின்னால் நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை இருக்கிறார். அதுவரை பெரிதும் புழக்கத்தில் இருந்தது குட்டையான, சுருதி உயர்ந்த திமிரி நாகஸ்வரம். நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாகஸ்வரத்தை நிலைநிறுத்தியவர் அவர். தோடியின் காந்தாரம் நின்று அசைந்து அசைந்து வரவேண்டிய ஸ்வரம். அந்த அசைவுக்கு பாரியின் கனம் அப்படிப் பொருந்துகிறது. அடுத்த முறை சுவாமி புறப்பாடு கிளம்பும்போதே போய்விடுங்கள். கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்ற உருப்படியைக் கேட்கலாம். சாகித்யம், அதாவது பாட்டு வரிகள், கிடையாது. சுவாமி கிளம்பிவிட்டார் என்பதை ஊருக்குச் சொல்வதே அதுதான்.

சபாவுக்கு வருகிறேன். பாடகர் முதல் கீர்த்தனையிலேயே ஆள்காட்டி விரலை மேலே காட்டி, தன் மைக்கை ஏற்றச் சொல்வார். கொஞ்ச நேரத்தில் வயலின்காரரும் அதே விரலைக் காட்டுவார். மிருதங்கக்காரர் சும்மா இருப்பாரா? அரை மணியில் மூவரும் உச்சத்தில். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற அடித்தொனி, தண்ணீர்த் தொட்டிக்குள் யாரோ குதிப்பது மாதிரி கேட்கும். வயலினில் பிக்கப் (வாத்தியத்திலேயே பொருத்தும் மைக்) மாட்டியிருந்தால் கம்பியின் கூர்மைதான் வரும், மரத்தின் வாசம் வராது. தம்புராவா? ஓரமாக ஒரு பெண் மீட்டிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். இப்படி ஒரு சபாவில், எனக்கு மிகவும் பிடித்த பாடகரின் கச்சேரியில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்காக மைக்கே ஆகாது என்று சொல்லிவிட முடியாது. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் ஒரு கட்டத்தில் மைக் வேண்டாம் என்று உறுதியாக நின்றார். அவர் கைக்கு அது தகும். ஆனால் மைக் வருவதற்கு முன் ஆண்கள் நாலு கட்டை என்ற உயர்ந்த சுருதிக்கு மேல் தொண்டையைத் தூக்கிப் பாட வேண்டியிருந்தது, கடைசி வரிசைக்கு எட்ட வேண்டுமே. இன்று நாம் உருகிக் கேட்கிற மென்மையான குரல்கள் பலவும் அன்று மேடைக்கே வந்திருக்காது. என் சண்டை அந்த விரலோடுதான்.

அப்புறம் ஒரு நாளைக்கு மூன்று. நானும் செய்திருக்கிறேன். மத்தியானம் ஒரு கல்யாணி ராகம், மாலையில் இன்னொரு கல்யாணி, ராத்திரி காம்போதி கேட்கும்போது காது மரத்துப்போய், மனம் கேன்டீனில் மிஞ்சியிருக்கும் ரவா தோசையைப் பற்றி யோசிக்கும். 1927 காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை விழாவிலிருந்து பிறந்தது மியூசிக் அகாடமி. இன்று ஊர் முழுக்க சபாக்கள், ஒரே நேரத்தில் கச்சேரிகள். எதையும் விட்டுவிடக் கூடாது என்ற பதற்றம் டிசம்பரில் எல்லோருக்கும் தொற்றிக்கொள்கிறது.

ஒருமுறை, மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கூட்டத்தோடு நானும் காபிக்கு எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தால் கதவருகில் நின்ற ஊழியர், முடிந்த பிறகு போகலாம் என்று கையைக் காட்டினார். சாத்திய கதவுக்கு வெளியே நின்று தனியை முடித்துவைக்கும் தாளக் கணக்குகளான மோரா, கோர்வை இரண்டையும் கேட்டேன். கனத்த கதவு ஸ்பீக்கரின் குத்தலை எல்லாம் வடிகட்டிவிட்டது. கணக்கு மட்டும் சுத்தமாக வெளியே வந்தது. அந்த நாள் கச்சேரியில் எனக்கு மிஞ்சியது அந்த ஐந்து நிமிடம்தான். பாட்டுப் பட்டியல் என்னிடமும் இருக்கிறது, சார். அதில் அந்தத் தனிக்கு ஆதி தாளம் என்று ஒரு வரி, அவ்வளவே.

ரசனைக் கோளாறெல்லாம் இல்லை. எண்ணிக்கையையும் நான் குறைக்கச் சொல்ல மாட்டேன், ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் போதும். வீட்டுக் கூடத்திலோ மொட்டை மாடியிலோ முப்பது பேருக்கு மைக் இல்லாமல் நடக்கும் கச்சேரிகளை விசாரித்துப் போங்கள். தை மாதம் தியாகராஜர் ஆராதனைக்குத் திருவையாறு போவதாக இருந்தால், அவருடைய பஞ்சரத்தின கீர்த்தனைகளை எல்லோரும் சேர்ந்து பாடும் காலையில் கூட்டம் நெரியும். அது வேறு அனுபவம், ஒரு தடவை பார்க்க வேண்டியதுதான். ஆனால் மற்ற நாட்களில் ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று வரிசையாகப் பாடுகிறார்களே, அதற்குப் போங்கள். ஸ்பீக்கர் கம்பத்தை விட்டுத் தள்ளி, மேடை ஓரமாக இடம் பிடியுங்கள். நோட்டைக் கொண்டு போவதில் தப்பில்லை, காவிரிக் காற்றில் தாள் படபடக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.