டிரெய்லர் கேள்வி-பதில்: எடைச் சீட்டு எங்கே?

காரின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும், உள்ளே தங்கிப் படுக்கும் டிரெய்லர் பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் டயரும் கூரை ஒழுகலும்தான் அதிகம். டிரெய்லர் ஆடுகிறது என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட எடை போட்டுப் பார்த்ததாகச் சொல்லவில்லை. அதனால் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் நீளமாகிவிட்டது.

கேள்வி: டிரெய்லர் வாங்கி 7 வருடம். மொத்தமே கொஞ்ச தூரம்தான் ஓடியிருக்கிறது. டயரில் பட்டன் புதிதுபோல் இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?

மாற்றுங்கள். டிரெய்லர் டயர் தேய்வதற்கு ரொம்ப நாள் முன்பே உள்ளுக்குள் கெட்டுப்போகும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில், ஒரே பக்கம் வெயில் பட, முழு பாரத்தையும் சுமந்துகொண்டு நிற்கிறது அது. பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையில் கடைசி 4 இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. 5 வருடம் தாண்டினால் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் விரிசல், புடைப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். 6 தாண்டினால் யோசிக்கவே வேண்டாம். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். புது டயர் வாங்கும்போதும் கடையிலேயே இந்த எண்ணைப் படித்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: மேடு பள்ளத்தில் டிரெய்லர் தூக்கித் தூக்கிப் போடுகிறது. டயரில் கொஞ்சம் காற்றைக் குறைத்து ஓட்டலாமா?

கூடாது. காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடாகும். அந்தச் சூடுதான் டயரை வெடிக்க வைக்கிறது. எஸ்டி வகை (டிரெய்லருக்கென்றே செய்த) டயரின் பக்கச் சுவரில் எழுதியிருக்கும் உச்ச அளவு எவ்வளவோ, அவ்வளவு காற்று அடியுங்கள். காலையில், வண்டி நகர்வதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். பாதி வழியில் நிறுத்தி அளந்துவிட்டு, "கூடுதலாகக் காட்டுகிறதே" என்று காற்றைப் பிடுங்கிவிடாதீர்கள். சூட்டில் கூடத்தான் செய்யும். இன்னொன்று, இந்த டயர்களில் பலவும் மணிக்கு 105 கி.மீ. வரைக்குத்தான் செய்யப்பட்டவை. உங்கள் கார் அதற்கு மேல் போகும் என்பது டயருக்குத் தெரியாது.

கேள்வி: என் காரின் பின்னால் இருக்கும் பால் (இணைப்பு உருண்டை) 2 இஞ்ச். அதன் மேல் கவிழும் டிரெய்லர் கப்ளர் 2-5/16 இஞ்ச். லீவர் நன்றாகவே பூட்டிக்கொள்கிறது. போதும்தானே?

போதாது. அது பூட்டவில்லை, மேலே உட்கார்ந்திருக்கிறது. ஒரு நல்ல பள்ளத்தில் கழன்று வரும். பால் தலையிலும் கப்ளரிலும் அளவு பொறித்திருக்கும், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அளவு சரியாக இருந்தாலும் பூட்டிய பிறகு முன் ஜாக்கைச் சுற்றி, காரின் பின்பக்கம் கொஞ்சம் எழும்பும் வரை தூக்கிப் பாருங்கள். கப்ளர் தனியாக மேலே வந்தால் பூட்டு விழவில்லை. பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் குறுக்காகப் போட்டு மாட்டுங்கள். கழன்றால் முனை தரையில் குத்தாமல் அந்தக் குறுக்கில் தாங்கிக்கொள்ளும்.

கேள்வி: 80 கி.மீ. வேகம் தாண்டினால் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிகிறது. என் வண்டி 3,000 கிலோ இழுக்கும் என்று போட்டிருக்கிறார்கள். டிரெய்லர் 2,300 கிலோதான். ஆட்டத்தை நிறுத்தும் கருவி ஏதாவது வாங்கி மாட்டினால் சரியாகிவிடுமா?

2,300 என்ற எண் எங்கிருந்து வந்தது? விளம்பரத் தாளிலிருந்துதானே? அது காலி டிரெய்லரின் எடை. தண்ணீர் இல்லை, கேஸ் இல்லை, பாத்திரம் இல்லை, படுக்கை இல்லை. சில சமயம் பேட்டரியைக்கூடச் சேர்த்திருக்க மாட்டார்கள். தண்ணீர்த் தொட்டி 150 லிட்டர் என்றால் 150 கிலோ. இரண்டு கேஸ் சிலிண்டர், பேட்டரி, பிறகு வாங்கிப் பூட்டிய ஏ.சி., நாற்காலி, டூல்ஸ் பெட்டி, சாப்பாட்டுச் சாமான் என்று போனால் 400 கிலோ சத்தமில்லாமல் ஏறிவிடும். உங்கள் டிரெய்லர் இப்போது 2,700 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் 10 முதல் 15 சதவீதம் பால் மேல் அழுந்த வேண்டும். அதுதான் ஹிட்ச் (கார்-டிரெய்லர் இணைப்பு) எடை. 2,700-க்கு 270 முதல் 400 கிலோ வரை வரும். (ஐரோப்பிய பாணி கேரவன்களுக்கு இந்த விகிதம் குறைவு. அவர்கள் தங்கள் கையேட்டில் உள்ள எண்ணைப் பார்க்கட்டும்.) இந்த எடையைச் சுமப்பது உங்கள் கார். இழுக்கும் திறன் 3,000 என்பதோடு இதற்குச் சம்பந்தமே இல்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்த்து வண்டி எவ்வளவு சுமக்கலாம் என்று அதில் போட்டிருக்கும். அது 600 கிலோ என்றால், 4 பேர் 280, டிக்கியில் 60, ஹிட்ச் இரும்பு 40. மிச்சம் 220. தேவையோ குறைந்தது 270. இழுக்கும் திறனில் 300 கிலோ பாக்கி இருக்கும்போதே சுமக்கும் திறன் தீர்ந்துபோயிற்று. விற்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதே இல்லை. "தாராளமா இழுக்கும்" என்று சாவியைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு அதன் பலனை அனுபவிப்பவர் வாங்கியவர். வருடக்கணக்காக இதையேதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நெளிவதற்குப் பெரும்பாலும் காரணம் ஹிட்ச் எடை 10 சதவீதத்துக்குக் கீழே போவது. பின்பக்க பம்பரில் சைக்கிள் மாட்டியிருக்கிறீர்களா? ஆக்ஸிலுக்குப் (சக்கர அச்சுக்கு) பின்னால் தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கிறதா? பின்பக்கக் கட்டிலுக்கு அடியில் டூல்ஸ் பெட்டியா? சாமானில் ஏறக்குறைய 60 சதவீதம் ஆக்ஸிலுக்கு முன்னால் இருக்க வேண்டும். அதற்காக எல்லாவற்றையும் முன்னால் திணித்தால் காரின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் பிடிப்பு போய்விடும். இரவில் உங்கள் ஹெட்லைட் எதிரில் வருபவர் கண்ணைக் குத்தும்.

எடைமேடைக்குப் போங்கள். பயணத்துக்கு ஏற்றும் அத்தனை சாமானோடும் ஆட்களோடும் போங்கள். எடையைப் பகிரும் ஹிட்ச் இருந்தால் அதன் கம்பிகளைத் தளர்த்திவிடுங்கள். டிரெய்லர் மாட்டியபடியே காரின் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை, டிரெய்லர் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை. பிறகு டிரெய்லரைக் கழற்றிவிட்டு, ஆட்கள் இறங்காமல், காருக்கு மட்டும் ஒரு எடை. காரின் இரண்டு எடைகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஹிட்ச் எடை. அதை டிரெய்லர் சக்கர எடையோடு கூட்டினால் டிரெய்லரின் உண்மையான எடை. அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் ஆட்டம் நிறுத்தும் கருவியை மாட்டினால், அது ஆட்டத்தைக் கொஞ்ச வேகம் வரை மறைத்து வைக்கும். அதைத் தாண்டியதும் எல்லாம் சேர்ந்து ஒரேயடியாக வரும். சாமானைச் சரியாக ஏற்றிய பிறகு, பக்கக் காற்றுக்கும் லாரி கடக்கும்போது வரும் இழுப்புக்கும் அந்தக் கருவி நல்ல துணை. மறுக்கவில்லை.

ஓடும்போது நெளிய ஆரம்பித்தால் கார் பிரேக்கை மிதிக்காதீர்கள், வேகமும் கூட்டாதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்ஸிலரேட்டரை மெதுவாக விடுங்கள். காரில் உள்ள பிரேக் கன்ட்ரோலரில் (டிரெய்லர் பிரேக்கை இயக்கும் பெட்டி) கையால் இயக்கும் லீவரைத் தள்ளி டிரெய்லர் பிரேக்கை மட்டும் போடுங்கள். அது பின்னாலிருந்து பிடித்து இழுத்து நேராக்கும். அந்த லீவர் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலேயே கை போக வேண்டும். வண்டி நிற்கும்போதே பழகுங்கள்.

கேள்வி: கூரை வென்ட்டைச் (காற்றுத் துளையை) சுற்றி ஒழுகுகிறது. இரண்டு முறை சிலிக்கான் போட்டும் நிற்கவில்லை.

நிற்காது. சாதாரண சிலிக்கான் ரப்பர் கூரையில் நிலையாக ஒட்டாது. அதன் மேல் பிறகு வேறு எதுவும் ஒட்டாது, புது சிலிக்கான்கூட ஒட்டாது. முழுவதையும் சுரண்டி எடுத்துத் துடைத்துவிட்டு, உங்கள் கூரைப் பொருளுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும், தானாகவே பரவி மட்டமாகும் சீலன்ட்டைப் போடுங்கள். பெட்ரோலியம் கலந்த எதையும் ரப்பர் கூரையில் தேய்க்காதீர்கள், ரப்பர் உப்பிப்போகும்.

3 மாதத்துக்கு ஒருமுறை மேலே ஏறிப் பாருங்கள். ஸ்க்ரூ தலைகளைச் சுற்றி சீலன்ட்டில் முடியளவுக்கு ஒரு விரிசல் ஓடும். குனிந்து பக்கவாட்டில் பார்த்தால்தான் தெரியும். நகத்தால் லேசாகத் தள்ளினால் ஓரம் எழும்பும். அங்கேதான் தண்ணீர் இறங்குகிறது. ஆனால் உள்ளே கறை தெரிவது அதற்கு நேர் கீழே இருக்காது. சட்டம் வழியாக ஓடி வேறு மூலையில் வந்து சொட்டும். அலமாரி மூலைகளை விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் பலகை ஊறிவிட்டது. வெளிச்சுவர் உப்பியிருந்தால் ஒட்டுப்பலகை பிரிய ஆரம்பித்துவிட்டது, அது பெரிய செலவு. டிரெய்லரை ஆயுளுக்கு முன்பே முடித்து வைப்பதில் இந்த ஒழுகல்தான் முதல் ஆள்.

கேள்வி: வருடா வருடம் கிரீஸ் கன்னால் நிப்பிள் வழியாக பேரிங்குக்கு கிரீஸ் அடித்துவிடுகிறேன். ஹப்பைக் (பேரிங் இருக்கும் சக்கர நடுப்பகுதியை) கழற்றவும் வேண்டுமா?

வேண்டும். கன்னை வேகமாக அழுத்தினால் உள்பக்க சீல் பிதுங்கி, கிரீஸ் பிரேக் ஷூ மேல் கொட்டும். அந்தச் சக்கரத்தில் பிரேக்கே பிடிக்காது. வருடம் ஒருமுறை, அதிகம் ஓடுபவர்கள் 20,000 கி.மீ.க்குள், கழற்றிக் கழுவிப் பாருங்கள். உருளைகளில் நீலம் பாய்ந்திருந்தாலோ குழி விழுந்திருந்தாலோ பேரிங்கை மாற்றுங்கள். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் பிதுங்கும் வரை ஏற்றுங்கள். சீலும் காட்டர் பின்னும் (நட்டு கழலாமல் பூட்டும் கம்பி) ஒவ்வொரு முறையும் புதிது. இரண்டு வகை கிரீஸைக் கலக்காதீர்கள்.

வழியில் நிறுத்தும்போதெல்லாம் ஒவ்வொரு ஹப்பின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவு வெதுவெதுப்பு என்றால் சரி. ஒன்று மட்டும் அனலடித்தால் பேரிங் அல்லது இழுத்துக்கொண்டிருக்கும் பிரேக். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் 80 கி.மீ. ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) மறுபடி பார்க்க வேண்டும்.

கேள்வி: டிரெய்லர் ஓடும்போது பிள்ளைகள் உள்ளே படுத்துக்கொள்ளலாமா?

கூடாது.

கேள்வி: கழிவுநீர்க் குழாய் மாட்டியிருக்கும் இடத்தில் டாய்லெட் தொட்டி வால்வைத் திறந்தே வைத்தால் என்ன?

நீர் ஓடிவிடும், மற்றது அடியில் தங்கிக் குவியலாக இறுகும். பிறகு நீங்கள்தான் கிளற வேண்டும். மூடியே வையுங்கள். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் திறந்துவிடுங்கள். அதன் பிறகு குளியல் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் குழாயும் கழுவப்படும்.

கேள்வி: ஹீட்டர் வேலை செய்யவில்லை. என்ன செய்வது?

எந்த ஹீட்டர்? தண்ணீருக்கா, அறைக்கா? கேஸா, கரண்டா? பற்றவே இல்லையா, பற்றி அணைகிறதா? ஒரு வரிக் கடிதத்துக்கு ஊகத்தில்தான் பதில் சொல்ல முடியும். கரண்டில் ஓடும் வாட்டர் ஹீட்டர் என்றால், தொட்டி காலியாக இருக்கும்போது சுவிட்சைப் போட்டிருப்பீர்கள், எலிமென்ட் எரிந்திருக்கும். மாற்றிவிட்டு, அடுத்த முறை வெந்நீர்க் குழாயில் காற்றில்லாமல் தண்ணீர் சீராக வந்த பிறகே சுவிட்சைத் தொடுங்கள். எஃகுத் தொட்டி என்றால் உள்ளே தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபடும் ஆனோட் கம்பி இருக்கும். வருடம் ஒருமுறை எடுத்துப் பார்த்து, முக்கால்வாசி கரைந்திருந்தால் மாற்றுங்கள். கழற்றுமுன் தண்ணீர் ஆறியிருக்க வேண்டும், அழுத்தத்தையும் வெளியேற்றியிருக்க வேண்டும்.

கேள்வி: எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு 2 மாதம் நிறுத்தினேன். பேட்டரி செத்துவிட்டது.

கேஸ் கசிவைக் காட்டும் கருவி, ரேடியோ நினைவகம் இதெல்லாம் சுவிட்சுக்குக் கட்டுப்படாமல் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். பேட்டரியிலேயே துண்டிப்பு சுவிட்ச் போடுங்கள், அல்லது மைனஸ் வயரைக் கழற்றி வையுங்கள். சாதாரண ஈய அமில பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் முழுசு, 12.1 என்றால் பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும்.

விளக்கு எரியாதது இதில் சின்ன விஷயம். டிரெய்லர் கழன்றுபோனால் தானாகப் பிரேக் போடும் அமைப்பு இந்த பேட்டரியை நம்பித்தான் இருக்கிறது. அதன் கம்பியைக் காரின் உடலோடு சேர்ந்த பகுதியில் மாட்டுங்கள். ஹிட்ச்சிலோ பாதுகாப்புச் சங்கிலியிலோ மாட்டினால், அவை கழலும்போது கம்பியும் சேர்ந்து போய்விடும், பிரேக்கை இயக்கும் பின் (கம்பி முனையில் உள்ள ஊசி) உருவப்படாது. புறப்படுமுன் பின்னை உருவிவிட்டு வண்டியை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். டிரெய்லர் சக்கரம் இறுக வேண்டும். பார்த்ததும் உடனே செருகிவிடுங்கள்.

கேள்வி: நிறுத்திய இடம் சாய்வு. மூலை ஜாக்குகளால் ஒரு பக்கத்தைத் தூக்கி மட்டம் செய்யலாமா?

அவை ஆட்டத்தை நிறுத்த மட்டும். தூக்கினால் சட்டம் முறுக்கி, கதவு மூடாமல் போகும். இடம்-வலம் சாய்வுக்குச் சக்கரத்தின் அடியில் கட்டைகளை வைத்து ஏற்றுங்கள். முன்-பின் சாய்வுக்கு முன் ஜாக். ஹிட்ச்சைக் கழற்றுவதற்கு முன்பே சக்கரத்துக்கு முன்னும் பின்னும் தடுப்புக்கட்டை போட்டிருக்க வேண்டும்.

கேள்வி: ரிவர்ஸ் எடுக்கும்போது எப்போதும் எதிர்ப்பக்கம் போய்விடுகிறது.

ஸ்டியரிங்கின் அடிப்பகுதியை ஒரு கையால் பிடியுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள், கொஞ்சமாக. டிரெய்லர் திரும்ப ஆரம்பித்ததும் கையை எதிர்ப்பக்கம் கொண்டுவந்து அதன் பின்னாலேயே போங்கள். மடங்க ஆரம்பித்தால் அடம்பிடிக்காமல் முன்னால் போய் நேராக்கிவிட்டு மறுபடி வாருங்கள். பின்னால் நின்று வழி சொல்பவரைக் கண்ணாடியில் உங்களுக்குத் தெரியும் இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்தால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள்.