மறுமணத்துக்கு முன் பத்திரக் கட்டைப் பிரியுங்கள்: கேள்வி பதில்
(இந்து வாரிசுரிமைச் சட்டப்படி)

கே: மனைவி தவறி மூன்று வருஷம். ஏழு ஏக்கர், ஒரு மகன், ஒரு மகள். மறுமணம் செய்யப் போகிறேன். நிலம் முழுக்க வருகிறவள் பேருக்கு எழுதலாமா சார்?

ப: மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் வைத்துக்கொண்டு நிலத்தைத் தரம் பிரியுங்கள். நீங்கள் கிரயம் வாங்கியது உங்கள் இஷ்டம். பூர்வீகத்தில் மகனுக்கும் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு. பாகம் பிரிக்காதவரை உங்கள் பங்கைக்கூடத் தானமாக எழுத முடியாது, உயிலில்தான் எழுதலாம். பலர் கோட்டை விடுவது மூன்றாவதில்: இறந்த மனைவி பேரில் இருந்த நிலம். அவர் உயில் எழுதியிருக்காவிட்டால் அதில் உங்களுக்கு மூன்றில் ஒரு பங்குதான். பட்டா உங்கள் பேருக்கு மாறியிருந்தாலும் கணக்கு மாறாது. அவர் நகைக்கும் இதே கணக்கு.

கே: கல்யாணத்துக்கு முன்பே செட்டில்மெண்ட் (சொத்தை இப்போதே எழுதிக் கொடுக்கும் பத்திரம்) கேட்கிறாள். மறுக்க மனசு வரவில்லை.

ப: உயில் எழுதுங்கள். உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம்; இரண்டு சாட்சிகள் கட்டாயம், பதிவு கட்டாயமில்லை (செய்துவிடுவது நல்லது). பதிவான செட்டில்மெண்டை மனசு மாறியதற்காக ரத்து செய்ய முடியாது. தாலி கட்டும் முன் அவர் குடும்ப உறுப்பினரும் இல்லை, முத்திரைத்தீர்வைச் சலுகை கிடைக்காது. எழுதியே தீர வேண்டுமென்றால் ஆயுட்கால அனுபவ உரிமையை உங்களிடம் நிறுத்திக்கொள்ளுங்கள். 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையும் பத்திரத்திலேயே இருக்கட்டும். 60 வயதானவர் மூத்த குடிமக்கள் சட்டம் 2007, பிரிவு 23-இன்படி பத்திரத்தை ரத்து செய்யத் தீர்ப்பாயத்துக்குப் போனால் அந்த வரிதான் கைகொடுக்கும்.

கே: (மகள் கேட்கிறார்) அப்பா மறுமணம் செய்து சித்தி வந்தால் எங்கள் பங்கு போய்விடுமா?

ப: போகாது, சுருங்கும். உயில் இல்லாமல் அப்பா இறந்தால் அவர் சுயசம்பாத்தியம் நீங்கள், அண்ணன், சித்தி என மூன்று சம பங்கு. பாட்டி இருந்தால் நான்கு. சித்திக்குப் பிறக்கும் குழந்தைக்கும் ஒரு பங்கு. அவர் முன் கல்யாணத்தில் பிறந்து கூடவே வரும் குழந்தைக்கு இல்லை.

கே: நான் கட்டிக்கொள்ளப் போகிறவள் கணவனைப் பிரிந்திருக்கிறாள், விவாகரத்து ஆகவில்லை. கோயிலில் தாலி கட்டினால்?

ப: செல்லாது. அவர் வாரிசாக மாட்டார். உங்களுக்குப் பிறக்கும் குழந்தைக்கு மட்டும் உங்கள் சொத்தில் உரிமை வரும். தீர்ப்பு வந்து, மேல்முறையீட்டுக்கான 90 நாளும் கழியட்டும்.

கே: வீடு வருகிற மனைவிக்கு ஆயுள்வரை, பிறகு பிள்ளைகளுக்கு. உயிலில் எப்படி எழுதுவது?

ப: 'ஜீவனாம்சத்துக்காக' என்ற சொல் எதற்காக விழுகிறது என்று பார்த்து எழுதுங்கள். ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகக் கொடுத்தது, ஆயுளுக்கு மட்டும் என்று எழுதியிருந்தாலும், மனைவியின் முழு உரிமையாகிவிடும் என்று 1977-இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் பிள்ளைகள் கோர்ட்டுக்கு அலைய வேண்டும்.