1966 பைராய்ட் ட்ரிஸ்டான்: இருமல் சத்தத்தத் தாண்டி எப்படிக் கேக்கறது?

வாசகர் கேள்வி: ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரோட 'ட்ரிஸ்டான் உண்ட் இசோல்டே' ஓபராவுக்கு, பைராய்ட் அரங்கத்துல கண்டக்டர் கார்ல் போம் ஆர்கெஸ்ட்ராவ நடத்தின 1966 லைவ் ரெக்கார்டிங்தான் பெஸ்ட்னு நிறைய பேர் சொல்றாங்கன்னு போட்டுப் பாத்தேன். நடுவுல இருமல், மேடையில நடக்கற சத்தம், ஜெர்மனும் தெரியாது, ஒரு மணி நேரத்துல நிறுத்திட்டேன். பேசாம ஒரு நல்ல ஸ்டுடியோ ரெக்கார்டிங் வாங்கிடவா?

பதில்: வேண்டாங்க, இப்போதைக்கு இதையே கேளுங்க. கேக்கற விதத்த மட்டும் கொஞ்சம் மாத்தினா போதும்.

முதல்ல செட்டிங்ஸ். வாக்னர் ஒரு அங்கத்த ஆரம்பிச்சா திரை விழுற வரைக்கும் இசை நிக்கவே நிக்காது, ட்ராக் ட்ராக்கா வெட்டினது சிடி கம்பெனிக்காரங்க நம்ம வசதிக்காகப் பண்ணினது. உங்க ஆப்ல ஒரு ட்ராக் முடிஞ்சு அடுத்தது வர்றதுக்குள்ள அரை செகண்ட் மௌனம் விழுந்தாகூட பாட்டு பாதியில அறுந்த மாதிரி ஆயிடும், அதனால கேப்லெஸ் (ட்ராக்குக்கு நடுவுல இடைவெளி விடாம ஓட்டறது) ஆன் பண்ணுங்க, க்ராஸ்ஃபேட் (ஒரு ட்ராக் முடிவ அடுத்ததோட கலக்கறது), ஷஃபிள், பேஸ் பூஸ்ட் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுங்க. வால்யூம ஆரம்பத்த வச்சு செட் பண்ணாதீங்க. முன்னிசை செல்லோவுல ரொம்ப மெதுவாத்தான் தொடங்கும், கேக்கலையேன்னு ஏத்திட்டீங்கன்னா கொஞ்ச நேரத்துல காது வலிக்கும். முன்னிசை உச்சத்துக்குப் போற இடத்துல உங்களுக்குத் தாங்கற அளவுக்கு வச்சிட்டு அப்புறம் அதத் தொடவே தொடாதீங்க.

அடுத்து, ஒரே மூச்சுல கேக்கணும்னு கட்டாயமே இல்ல. மொத்தம் மூணரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, மூணு அங்கம், மூணு சிடி, ஒரு அங்கத்துக்கு ஒண்ணு. போம் வேகமா நடத்தறவர், அதனாலதான் இப்படி அடங்குது. முதல் நாள் முன்னிசையையும், அது முடிஞ்ச உடனே நேரா மூணாவது அங்கத்தோட கடைசிக்குப் போய் இசோல்டே பாடற 'மில்ட் உண்ட் லைஸே'யையும் மட்டும் கேளுங்க. கச்சேரி மேடைகள்ல இந்த ரெண்டையும் சேத்து வாசிக்கறது ரொம்ப காலமா இருக்கற பழக்கம், காரணமும் இருக்கு. முன்னிசையில ஆரம்பத்துலயே ஒரு விசித்திரமான ஸ்வரக் கூட்டு வரும், ட்ரிஸ்டான் கார்டுனே அதுக்குப் பேரு, அது எங்கயாவது போய் இறங்கி உக்காரும்னு காது எதிர்பாக்கும், ஆனா உக்காராது, கதை முழுக்க தள்ளிக்கிட்டே போய் கடைசிப் பக்கத்துலதான் அமைதியாகும். அந்த ரெண்டு முனையும் காதுல இருந்துச்சுன்னா நடுவுல இருக்கற நேரம் அவ்வளவு நீளமாத் தெரியாது.

கதை சிம்பிள்தான். அயர்லாந்து இளவரசி இசோல்டேவ தன் மாமா மார்க்கே ராஜாவுக்குக் கட்டி வைக்க ட்ரிஸ்டான் கப்பல்ல கூட்டிட்டு வர்றான், ரெண்டு பேரும் செத்துடலாம்னு அவ விஷம் கேக்கறா, தோழி ப்ராங்கேனே அதுக்குப் பதிலா காதல் மருந்தக் குடுத்துடறா. ரெண்டாவது அங்கத்துல ராத்திரி ரகசியமா சந்திக்கறாங்க, மாட்டிக்கறாங்க, அவனுக்குக் காயம். மூணாவதுல பிரிட்டனியில இருக்கற தன் கோட்டையில அவ கப்பலுக்காகக் காத்துக் கிடக்கறான், அவ வந்து சேர்ற நேரத்துல உயிர் போயிடுது. இவ்வளவு தெரிஞ்சா போதும், ஜெர்மன் வரிக்குப் பக்கத்துல மொழிபெயர்ப்பு இருக்கற லிப்ரெட்டோ (ஓபராவோட பாட்டு வரிப் புத்தகம்) ஒண்ணு எடுத்து அன்னிக்குக் கேக்கப்போற அங்கத்த மட்டும் முன்னாடியே படிச்சுடுங்க. கேக்கும்போது வரிக்கு வரி துரத்திட்டே இருந்தா இசை கைவிட்டுப் போயிடும்.

இப்ப அந்தச் சத்தம் விஷயம். ஜெர்மனியில இருக்கற பைராய்ட் அரங்கம் வாக்னர் தன் ஓபராக்களுக்காகவே கட்டினது, 1876ல திறந்தாங்க. அங்க ஆர்கெஸ்ட்ரா பார்வையாளருக்குத் தெரியாது, படிப்படியா கீழ இறங்கற குழிக்குள்ள உக்காந்திருப்பாங்க, மேல ஒரு மூடி, பித்தளை வாத்தியமும் ட்ரம்ஸும் மேடைக்கு அடியில ஆழத்துல. சத்தம் முதல்ல மேடைப் பக்கம் போய் பாடறவங்க குரலோட கலந்துதான் வெளிய வரும். அந்தக் கலவைய ஸ்டுடியோவுல உண்டாக்க முடியாது. பாடறவங்க மேடையில நடந்து நடிச்சுக்கிட்டே பாடறதால குரல் கிட்ட வரும், தள்ளிப் போகும், மரப்பலகை சத்தம் போடும். முன்னிசை முடிஞ்ச உடனே வாத்தியம் எதுவும் இல்லாம ஒரு மாலுமி தூரத்துலேருந்து பாடறான் பாருங்க, அது இளம் பீட்டர் ஷ்ரையர், அந்த இடத்துல அரங்கத்தோட அளவையே காதால அளக்கலாம்.

இந்த ரெக்கார்டிங்ல நான் மனசார நேசிக்கற இடம் ரெண்டாவது அங்கம். இசோல்டேவா பிர்கிட் நில்சன், ட்ரிஸ்டானா வோல்ஃப்காங் விண்ட்காஸன் ரெண்டு பேரும் பாடிட்டு இருக்கும்போது கிறிஸ்டா லூட்விக், அதாவது ப்ராங்கேனே, மேல காவல் இருந்துக்கிட்டு எச்சரிக்கை பாடுவாங்க, அந்தக் குரல் எங்கேருந்து வருதுன்னே தெரியாம மிதந்து வரும். அப்புறம் காதலர் பாட்டு ஏறி ஏறி உச்சத்தத் தொடப்போற நொடியில ஒரு அலறல், ட்ரிஸ்டானோட ஆள் கூர்வெனால் ஓடி வர்றான், எல்லாம் அறுந்து போகுது. அறுந்த அதே ராகத்தைத்தான் கடைசியில இசோல்டே தனியா எடுத்துப் பாடி முடிக்கறா. முதல் நாள் கேட்டீங்களே, அதேதான்! போமோட வேகம் இங்க நியாயமாகுது, அவர் நிறுத்தி ரசிக்க விடல, இழுத்துக்கிட்டே போறாரு, அதனால அறுபடும்போது நெஞ்சுல இடிக்குது.

விண்ட்காஸன் குரல் பிரம்மாண்டமானது இல்ல, அப்போ அவருக்கு 52 வயசு. மூணாவது அங்கத்துல காயத்தோட ஜுரத்துல ட்ரிஸ்டான் ரொம்ப நேரம் பொலம்பற இடத்துல குரல்ல களைப்பு கேக்கும், என்னப் பொறுத்தவரைக்கும் அந்தக் களைப்புதான் அந்தப் பாத்திரமே. வார்த்தைய அவ்வளவு தெளிவா வச்சு, எங்க சேமிக்கணும் எங்க செலவழிக்கணும்னு தெரிஞ்சு பாடற டெனர் (உச்ச ஸ்தாயி ஆண் குரல்) அவர். நில்சனோ மேடையில இசோல்டேவ 200 தடவைக்கு மேல பாடினவங்க, கடைசிப் பாட்டுலயும் குரல் இரும்பு மாதிரி நிக்கும்.

ஸ்டுடியோவ நான் குறைச்சுச் சொல்லல. கண்டக்டர் ஃபுர்ட்வெங்லரோட 1952 ஸ்டுடியோ ரெக்கார்டிங் நாலு மணி நேரத்துக்கு மேல ஓடும், ஆழம்னா அதுதான் ஆழம், ஆனா அதுல இசோல்டேவா பாடின ஃபிளாக்ஸ்டாடுக்குப் பதிலா ரெண்டு உச்ச ஸ்வரத்த எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோப் பாடிக் குடுத்தாங்க. கண்டக்டர் கார்லோஸ் க்ளைபரோட ஸ்டுடியோ ரெக்கார்டிங்ல அவ்வளவு அழகாப் பாடின மார்கரெட் ப்ரைஸ் இசோல்டேவ மேடையில பாடினதே இல்ல. ஸ்டுடியோவுக்கு அதெல்லாம் முடியும், அது அதோட பலம். லைவ்னு போட்ட ஆல்பம்லயும் பல நாள் டேப்ப ஒட்டறது சகஜம்தான், இருந்தாலும் ஒரு அரங்கத்துக்கு முன்னாடி நின்னு பாடற பதட்டம் அதுல இருக்கும்.

போம் ரெக்கார்டிங்க ரெண்டு தடவ முழுசாக் கேட்டுட்டு ஃபுர்ட்வெங்லர வாங்குங்க. வாங்கினதும் ரெண்டிலயும் முன்னிசைய மட்டும் பக்கத்துல பக்கத்துல போட்டுப் பாருங்க, உங்களுக்கு எந்த வேகம் ஒத்து வருதுன்னு கொஞ்ச நேரத்துலயே தெரிஞ்சிடும்.