யூதத் தோழியின் கல்யாணத்துக்கு கெதுபா செய்து பரிசளிக்கலாமா?

அலுவலகத் தோழிக்குக் கல்யாணம், யூதக் குடும்பம், அவர்களுடைய திருமண ஒப்பந்தமான கெதுபாவை ஓவியம் போலச் செய்து வீட்டில் மாட்டுவார்களாமே, அதைச் சொல்லாமல் ஆர்டர் செய்து கொடுத்தால் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொடுக்கலாம், ஆனால் சொல்லாமல் மட்டும் வேண்டாம். நான் நியூ ஜெர்ஸியில் ஒரு பிரேம் கடையில் வேலை பார்க்கிறேன். கெதுபாக்கள் நிறைய வரும். மாதுளை, ஜெருசலேம் நகரம், காகிதத்தைக் கத்தரித்துச் செய்த மரம் என்று பார்க்க ஓவியமாகத்தான் இருக்கும். நடுவில் இருப்பது பத்திரம். முஸ்லிம் நிக்காஹ்வில் மஹர் எழுதுவது போல, மணமகன் மணமகளுக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறான் என்பதை எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டு, அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். விவாகரத்தானாலோ கணவன் இறந்தாலோ அவளுக்குச் சேர வேண்டிய தொகை அதில் இருக்கும். மரபு வாசகத்தில் முதல் திருமணம் என்றால் 200 சூஸ், விதவை என்றால் 100 சூஸ். அது பழைய வெள்ளிக்காசுக் கணக்கு.

இது வெறும் சடங்குக் காகிதமாக இருந்ததில்லை. பாபதா என்ற யூதப் பெண்ணின் கெதுபா, 1961இல் சாக்கடலை ஒட்டிய ஒரு குகையில் அவளுடைய மற்ற பத்திரங்களோடு கிடைத்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கணவன் இறந்ததும் தனக்கு வர வேண்டிய பணத்துக்காக அவனுடைய பேரீச்சந்தோப்புகளைத் தன் பிடியில் வைத்துக்கொண்டவள் அவள். கலவரக் காலத்தில் குகைக்குள் ஒளியப் போகும்போதும் பத்திரப் பையை விடவில்லை. அலங்காரம் பெரிதாக வளர்ந்தது பிற்பாடு. 17, 18ஆம் நூற்றாண்டு இத்தாலியில் தோல்தாளில் பைபிள் காட்சிகளும் குடும்ப முத்திரைகளுமாக வரைந்து தள்ளினார்கள். சில ஊர்களில் சமூகப் பெரியவர்களே செலவுக்கு உச்சவரம்பு போடும் அளவுக்குப் போயிருக்கிறது! நம் பக்கத்தில் கொச்சி யூதர்களும் பூவேலை செய்த கெதுபா வைத்திருந்தார்கள்.

சரி, ஏன் ரகசியமாகச் செய்ய முடியாது? மணமக்களின் எபிரேயப் பெயர், அவர்களுடைய அப்பாக்களின் எபிரேயப் பெயர், மணமகளுக்கு இது முதல் திருமணமா என்பது வரை வாசகத்தில் வரும். கடைசிக் கேள்வியைத் தோழியிடம் நீங்கள் எப்படிக் கேட்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். வாசகமும் ஒன்றல்ல, யூத மதத்தின் பிரிவுக்குப் பிரிவு மாறும். ஆர்த்தடாக்ஸ் பிரிவில் பழைய அரமேய மொழி வாசகம். கன்சர்வேட்டிவ் பிரிவில், விவாகரத்துப் பத்திரம் தராமல் கணவன் மனைவியை இழுத்தடிக்கக் கூடாது என்பதற்காக 1950களில் சேர்த்த ஒரு ஷரத்தும் உண்டு. ரிஃபார்ம் பிரிவில் இருவரும் சமமாக வாக்குக் கொடுப்பது போல, எபிரேயமும் ஆங்கிலமுமாக எழுதிக்கொள்கிறார்கள். எது என்பதை, திருமணம் நடத்தி வைக்கும் ராபி (யூத மதகுரு) பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அச்சுக்குப் போகுமுன் வாசகத்தை அவருக்கு அனுப்புவதுதான் வழக்கம்.

தேதியில்தான் பலர் மாட்டிக்கொள்வார்கள். யூத நாள் சூரியன் மறையும்போதே மாறிவிடும். சனிக்கிழமை இரவுக் கல்யாணம் அவர்கள் கணக்கில் ஞாயிறு. முகூர்த்தம் தள்ளிப் போனால் தேதியே தப்பாகிவிடும். வேடிக்கையான இன்னொன்று: சில இடங்களில் ஒரு எழுத்தின் காலை வேண்டுமென்றே வரையாமல் விட்டு, மணமகன் சாட்சிகள் முன் ஒப்புக்கொண்ட பிறகு பூர்த்தி செய்வார்கள். புதிதாகப் பார்ப்பவர் அச்சுப்பிழை என்று பதறுவார்.

அதனால் என் யோசனை: படத்தையும் வாசகத்தையும் அவர்களே தேர்ந்தெடுக்கட்டும், பணம் நான் தருகிறேன் என்று சொல்லுங்கள். இதற்கு நேரம் பிடிக்கும், இப்போதே பேசிவிடுங்கள். அதற்குள் அவர்கள் வாங்கிவிட்டிருந்தால் பிரேம் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். எல்லாரும் மறந்துபோவது அதைத்தான். கையெழுத்தெல்லாம் ஆகி மை நன்றாகக் காய்ந்த பிறகுதான் எங்களிடம் வர வேண்டும். அமிலம் இல்லாத மவுண்ட் அட்டை, புற ஊதா ஒளியைத் தடுக்கும் கண்ணாடி கேளுங்கள். பசை போட்டு ஒட்டவோ லேமினேட் செய்யவோ யாராவது சொன்னால் வேறு கடை பாருங்கள்.