தவசிக்கீரைக்கு எந்தத் தண்ணீர், எவ்வளவு வெயில்?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். 'மல்டிவைட்டமின் கீரை' என்று வாங்கிய செடியை மொட்டை மாடியில் பையில் வைத்திருக்கிறேன். போர் தண்ணீரும் ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரும்தான் ஊற்றுகிறேன். இலை ஓரம் கருகி உதிர்கிறது. இலைக்கு அடியில் சின்னதாகச் சிவப்புப் பூ விடுகிறது, அதைச் சாப்பிடலாமா? இலையைப் பச்சையாக அடித்துத் தினமும் குடித்தால் உடம்பு இளைக்குமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் பார்த்துவிடுவோம். நீங்கள் 'மல்டிவைட்டமின் கீரை' என்று வாங்கியது தவசிக்கீரைதான். அதன் பச்சைச் சாற்றைக் குடிக்கவே குடிக்காதீர்கள். 1990-களின் நடுவில் தைவானில் உடல் இளைக்க இந்தச் சாற்றை வாரக்கணக்கில் குடித்த பலருக்கு நுரையீரலின் சிறு மூச்சுக்குழாய்கள் அடைபட்டுப் போயின. குடிப்பதை நிறுத்திய பிறகும் அது சரியாகவில்லை. சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை வரை போனது. ஏற்கெனவே குடித்திருந்து, இருமலோ படியேறும்போது மூச்சு வாங்குவதோ இருந்தால், நெஞ்சக நோய் மருத்துவரிடம் இந்தக் கீரையின் பெயரைச் சொல்லிக் காட்டுங்கள்.

சமைத்துச் சாப்பிடலாம். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் காலங்காலமாக அப்படித்தான். வாரத்துக்கு ஒரு முறை, ஆளுக்கு ஒரு கைப்பிடி போதும். சத்து அதிகம் என்று தினமும் வேண்டாம். பூவும் உண்ணக்கூடியதே, ஆனால் பறித்துச் சேர்ப்பதற்குள் அலுத்துவிடும். கொழுந்தோடு சேர்ந்து வருவதைப் பாசிப்பருப்புக் கூட்டில் போட்டுவிடுங்கள். குச்சியை நீக்கி, இலையை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிய பிறகே அரியுங்கள். வடசென்னைக் காற்றின் கரித்தூசி இலை மேல் படிந்திருக்கும்.

இனி கருகலுக்கு வருவோம். தென்கிழக்கு ஆசியக் காடுகளில் பெரிய மரங்களின் நிழலில் வளரும் புதர் இது. கீழாநெல்லிக்குச் சொந்தம். உப்பும் மதிய வெயிலும் சேர்ந்தால் தாங்காது. உங்கள் பக்கத்து போர் தண்ணீரே உப்பு, ஆர்.ஓ. கழிவு அந்த உப்பைக் கூட்டித் தருவது. பையின் மண்மேலும் அடித்துளையைச் சுற்றியும் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் மேல்மண்ணை ஓர் அங்குலம் சுரண்டி எறியுங்கள். 20 லிட்டர் பை என்றால் 40 லிட்டர் மெட்ரோ தண்ணீரை (குடிநீர் வாரியத் தண்ணீர்) கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அடியில் வடிய விடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் ஓரமாக இறங்கிவிடும், வேரடி உப்பு அப்படியே நிற்கும். அதன் பிறகு மெட்ரோ தண்ணீர், மழைநீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும். கழுவாத தேங்காய்நார்த் தூளிலும் உப்பு உண்டு, மண் மாற்றும்போது அலசிக் கலக்குங்கள்.

காலை வெயில் படட்டும். 11 மணிக்கு மேல் 50 சதவீத நிழல்வலை வேண்டும், அல்லது தண்ணீர்த் தொட்டியின் கிழக்குப் பக்கம் பையை நகர்த்துங்கள்.

கருகிய இலை திரும்பப் பச்சையாகாது. புதுத் துளிர் சுத்தமாக வந்ததும் செடியை இடுப்பளவுக்கு வெட்டிவிடுங்கள், பக்கக்கிளை நிறைய வெடிக்கும். வெட்டியதில் பென்சில் கனத்துக் குச்சிகளை ஒரு சாண் நீளத்தில், மூன்று நான்கு கணு இருக்கும்படி நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போக நிழலில் நட்டு வையுங்கள். மண் ஈரம் காயாமல் இருந்தால் வேர்விடும்.