கண்ணாடியில் தெரியும் விளக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

இமாசலப் பிரதேசத்தின் மலைப்பகுதியான கின்னோருக்குப் போனது பற்றி நீங்கள் எழுதிய கட்டுரைகளை வாசித்தேன். வரும் அக்டோபரில் நானும் என் நண்பனும் அதே வழியில் பைக்கில் போவதாக இருக்கிறோம். சிம்லாவில் தொடங்கி, கின்னோர், ஸ்பிதி, குன்சம் கணவாய், மணாலி என்று ஒன்பது நாளில் சுற்றிவரத் திட்டம். நாங்கள் கல்லூரிக் காலத்திலிருந்து நண்பர்கள். கூட்டாக நடத்திய அச்சகம் நொடித்துப்போன பிறகு முன்போல் பேச்சில்லை. மனம்விட்டுப் பேசிக்கொள்ள இந்தப் பயணம் உதவும் என்று நம்புகிறேன். பைக்கில் போனால் எங்கே பேசுவீர்கள், காரில் போங்கள் என்கிறாள் மனைவி. இன்னொரு சந்தேகம்: இலையுதிர்காலம் என்பது நமக்கு வெறும் மொழிபெயர்ப்புச் சொல்தானே? அதைப் பார்த்து நம் மனதில் என்ன எழும்?

கே., ஈரோடு

அன்புள்ள கே,

பைக்கிலேயே போங்கள். ஆனால் மனம்விட்டுப் பேசும் எண்ணத்தை மட்டும் ஈரோட்டிலேயே இறக்கிவைத்துவிட்டுப் போங்கள்.

எனக்கும் என் நண்பருக்கும் இடையே பணத் தகராறு எதுவும் இருந்ததில்லை. ஆனாலும் கல்யாண மண்டபங்களில் மட்டும் சந்தித்து, பிள்ளைகளின் படிப்பை விசாரித்துவிட்டுப் பிரிகிறவர்களாக ஆகியிருந்தோம். ஆளுக்கொரு புல்லட்டில் சிம்லாவிலிருந்து கிளம்பினோம். முதல் நாள் நார்கண்டாவில் தேநீர் குடிக்கும்போது பேசுவதற்கு எதுவும் இல்லாமல் இருவரும் வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ராம்பூர் தாண்டியதும் சாலை சட்லெஜை ஒட்டிப் பாறையைக் குடைந்து போகிறது. சில இடங்களில் பாறையே தலைக்கு மேல் தாழ்வாரம்போல் நீண்டிருக்கும். ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். எதிரே ஆப்பிள் பெட்டி ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வரும். இந்தச் சாலையில் முன்னால் போகிறவருக்கு ஒரே ஒரு கடமைதான். பின்னால் வருகிறவரின் விளக்கு கண்ணாடியில் தெரிகிறதா என்று பார்த்தபடியே போகவேண்டும். தெரியவில்லையென்றால் அடுத்த வளைவில் ஓரமாக நிறுத்திக் காத்திருக்கவேண்டும். ஒரு நாளில் நூறு தடவையாவது அந்த விளக்கைத் தேடியிருப்பேன். அரை நிமிடம் தாமதமானால் வயிறு கலங்கும். பத்து வருடங்களில் நான் அவரை அத்தனை முறை நினைத்ததில்லை. காரில் பக்கத்தில் உட்கார்ந்து போயிருந்தால் தூங்கியிருப்பேன். உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஆப்பிளைப் பற்றி ஒரு வார்த்தை. நார்கண்டாவுக்கு அருகில் உள்ள கோட்கட், தானேதார் பகுதிகளில் அமெரிக்க ஆப்பிள் வகைகளைக் கொண்டுவந்து பரப்பியவர் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர். தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்ய வந்தவர், இங்கேயே மணந்து, சத்யானந்த் என்று பெயர் மாற்றிக்கொண்டு, காந்தியின் இயக்கத்தில் சேர்ந்து சிறைக்கும் போனார். இன்று அந்த மலைகளில் பள்ளிக் கட்டணம் முதல் கல்யாணச் செலவு வரை ஆப்பிளை நம்பித்தான் நடக்கிறது. கின்னோர் உயரமான இடம் என்பதால் அங்கே பறிப்பு அக்டோபர் வரை நீளும். நாம் வேடிக்கை பார்க்கப் போகும் நாட்கள் அவர்களுக்கு வருடத்திலேயே மூச்சு விட நேரமில்லாத நாட்கள். லாரிக்கு வழிவிட்டு நில்லுங்கள்.

இனி உங்கள் இலையுதிர்காலம். நம் பெரும்பொழுதுகள் ஆறில் அந்தப் பெயர் கிடையாது. ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர். ஐப்பசி அடைமழையில் நாம் இங்கே நனைந்துகொண்டிருக்கும்போது, கின்னோரின் மேல்பகுதி மலைகளின் மழைமறைவில் காய்ந்து கிடக்கும். வானம் துடைத்துவைத்ததுபோல் இருக்கும். ஆனால் இலை உதிர்வது நமக்குப் புதிதா என்ன? மாசி மாதத்தில் வேப்பமரத்தடியைப் பெருக்கியவர்களுக்குத் தெரியும். வறட்சியில் தண்ணீரைக் காப்பாற்றிக்கொள்ள நம் மரங்கள் உதிர்க்கின்றன. அங்கே மரங்கள் உறைபனிக்கு முன் உதிர்த்து முடித்துக்கொள்கின்றன. பாப்லர் மரத்தின் மஞ்சள் கோடையிலும் இலைக்குள் இருந்ததுதான். பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் சேரும் நாட்களில், உதிரப்போகும் இலை அதைப் புதிதாக உண்டாக்குகிறது. சாகும் தறுவாயில் ஓர் இலை புதிதாக ஒரு வேலையைத் தொடங்குகிறது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

இதைவிடப் பெரிய பதிலை எனக்கு நாக்கோவில் என் நண்பர் தந்தார்.

காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜில் கலக்கிறது. அங்கே பாலம் கடந்து, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் நாக்கோ. 3,600 மீட்டருக்கு மேல் உயரம். அதுவரை புல் பூண்டில்லாத பழுப்பு மலை. திடீரென்று ஒரு சிறு ஏரி, அதைச் சுற்றி மஞ்சள் பிடித்த வில்லோ மரங்கள். அன்று இரவு நண்பருக்குத் தலைவலி, வாந்தி. உயரத்தின் வேலை. நான் வெந்நீர் கொடுத்தேன், கம்பளி போர்த்தினேன். ஆனால் மனதுக்குள் நாளை தாபோ, மறுநாள் காசா, அதற்கடுத்த நாள் குன்சம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. வாய்திறந்து சொல்லவில்லை, ஆனாலும் அவருக்குத் தெரிந்துவிட்டது. “நீங்கள் போய்ச் சுற்றை முடியுங்கள். நான் உடம்பு தேறியதும் கீழே இறங்கிவிடுகிறேன்” என்றார். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

நான் போகவில்லை. மறுநாள் வீட்டுக்கார அம்மா வாற்கோதுமை மாவைக் கரைத்துச் சூடாகக் கொடுத்தார். மதியத்தில் தலைவலி இறங்கியது. இருவரும் ஏரிக்கரைக் கல்சுவரில் சாய்ந்து வெயில் காய்ந்தோம். ஒரு பெண் உதிர்ந்த இலைகளையெல்லாம் கூட்டி அள்ளி, முதுகில் கட்டிய கூடையில் அமுக்கி அமுக்கித் திணித்தாள். நான் படம் எடுக்க எழுந்தேன். நண்பர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். “மாட்டுக்குப் படுக்கை போட எடுக்கிறாள். சாணியோடு மட்கி வயலுக்குப் போகும்” என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவருடைய அம்மா ஆடி மாதத்தில் புங்கந்தழையும் பூவரசந்தழையும் வெட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவந்து சேற்றில் மிதித்ததைச் சொன்னார். தழைச்சாறு பட்டு அவள் கால்விரல்கள் கறுத்திருந்ததைச் சொன்னார். அம்மா இறந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. நான் துக்கத்துக்குப் போய்வந்தவன்தான். ஆனால் அவளைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அன்றுதான் முதல் முறை. பொழுது சாயும்வரை பேசினார். நான் எதையும் கேட்கவில்லை.

நம் கண்ணுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். நான் பார்த்தது நிறத்தை. அவர் பார்த்தது தழையை.

அதனால்தான் உங்கள் ஒன்பது நாள் திட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. சுற்றை முடிக்கவேண்டும் என்ற வெறி அந்தச் சாலையில் வருகிற பலரையும் பிடித்து ஆட்டுகிறது. குன்சம் 4,500 மீட்டருக்கு மேல். அக்டோபர் நடுவிலிருந்து எந்த நாளிலும் பனி விழுந்து அடைபடலாம். அடைபட்டால் வந்த வழியே திரும்புங்கள், நஷ்டம் எதுவுமில்லை. சிம்லா வழியாக ஏறுவது என்ற முடிவு மட்டும் மிகச் சரியானது. உயரம் படிப்படியாகக் கூடுவதால் உடம்பு பழகிக்கொள்ளும். கின்னோரில் உள்ள கல்பாவில் இரண்டு இரவு தங்குங்கள். விடியற்காலையில் கின்னர் கைலாச மலையின் மேல் வெளிச்சம் விழுவதைப் பார்த்த பிறகு கிளம்பினால் போதும்.

கல் விழுவதை லேசாக எண்ணாதீர்கள். 2021 ஆகஸ்டில் கின்னோரின் நிகுல்சாரியில் மலை சரிந்து ஒரு பஸ்ஸும் வேறு வண்டிகளும் புதைந்தன. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மழை நின்ற பிறகும், பிற்பகல் காற்றில் சரளை உருளும். கூடுமானவரை காலையில் ஓட்டுங்கள், இரண்டு மணிக்குள் வண்டியை நிறுத்திவிடுங்கள். நாக்கோவைத் தாண்டிப் போவதானால் மாலிங் ஓடையையும் காலையிலேயே கடந்துவிடுங்கள். வெயில் ஏறினால் பனி உருகித் தண்ணீர் கூடும். உயரத்தில் காற்று மெலிவதால் வண்டி இழுக்காது, பயப்படவேண்டாம். கையுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள்.

நண்பருக்கோ உங்களுக்கோ தலைவலியும் வாந்தியும் வந்தால் அங்கேயே நில்லுங்கள். மேலே ஏறாதீர்கள், குறையவில்லையென்றால் உடனே கீழே இறங்குங்கள். அச்சகத்தின் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். அவர் எடுத்தால் கேளுங்கள்.

நாக்கோவில் இரண்டு இரவுக்கு இப்போதே இடம் சொல்லிவையுங்கள். ஒரே அறை போதும்.