50-ஐச் சுற்றி ஆடும் முள்

கேள்வி: அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட் திடீரென நின்றால் எங்கள் தெருவில் கரண்ட் போய்விடுமா?
– வாசகர், எண்ணூர்

பதில்: பெரும்பாலும் போகாது. நாடு முழுக்க ஒரே கிரிட், அதாவது மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் ஒரே மின்வலை. 600 மெகாவாட் யூனிட் டிரிப் ஆனால் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் (மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைபாய்கிறது என்ற கணக்கு) லேசாகச் சறுக்கும். மற்ற நிலையங்களின் கவர்னர்கள் (டர்பைன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகள்) நொடிகளில் நீராவியைக் கூட்டித் தாங்கிப் பிடிக்கும். 49.90-க்குக் கீழே நீடித்தால்தான் கவலை.

கிரிட்டின் இந்த நிலையை ஸ்காடா (தொலைவிலிருந்து கண்காணிக்கும் கணினி அமைப்பு) சில நொடிக்கு ஒருமுறைதான் பார்க்கும். நடுவில் வரும் ஆட்டம் தப்பிவிடும். பேசர் அளவீட்டுக் கருவியோ நொடிக்கு 25 முறைக்குக் குறையாமல், ஜிபிஎஸ் நேரத்தோடு மின்னழுத்தக் கோணத்தை, அதாவது மின்னழுத்த அலை அந்தக் கணத்தில் தன் சுற்றில் எங்கே இருக்கிறது என்பதை, அனுப்புகிறது. இரண்டு ஊர்களின் கோண வித்தியாசம் விரிந்துகொண்டே போனால் ஆபத்து. ஆனால் கடிகாரம் 1 மில்லிசெகண்ட் பிசகினாலே கோணம் 18 டிகிரி தப்பாகக் காட்டும். ஒரே ஒரு நிலையத்தின் கோணம் மட்டும் தாவினால், முதலில் அங்குள்ள ஜிபிஎஸ் ஆன்டெனா கேபிளைத்தான் பார்க்க வேண்டும். கடலோர உப்புக்காற்றில் அதன் கனெக்டர் சீக்கிரம் அரிக்கும்.